காதின் அளவு

ஒரே பாட்டை மூன்று இசைச் செயலிகளில் கேட்டு, எதில் ஒலி துல்லியமாக இருக்கிறது என்று மதிப்பெண் போடுவது செல்வினின் வேலை. பதினாறு வருடங்களாக அதைத்தான் செய்துவந்தார்.

அன்று காலை ஹெட்போனை மாட்டியதும் செயலிகள் முதலில் மெல்லிய ஒலிகளை எழுப்பி, அவருடைய காதுக்கு எவ்வளவு கேட்கிறது என்று அளந்தன. பிறகு மூன்றும் ஒரே செய்தியைக் காட்டின: "உங்கள் காதுக்கு முழு ஒலி தேவையில்லை. சாதாரண ஒலிக்கு மாற்றிவிட்டோம்."

அவர் மனைவியைக் கூப்பிட்டார். "ரோஸ்லின், உன் கணக்குல போட்டுப் பாரேன்."

அவளுக்கு முழு ஒலி வந்தது. "பின்னாடி சன்னமா ஜால்ரா கேக்குதுங்க. அந்தப் பொண்ணு பாடறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது!"

செல்வின் ஹெட்போனை வாங்கிக் கேட்டார். ஜால்ராவும் இல்லை, மூச்சும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டு, "நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றார்.

முதல் செயலிக்கு அவள் சொன்ன மதிப்பெண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. "உங்கள் காதின் அளவு எங்களுக்கு வந்து சேர்ந்தது. இனி மதிப்பெண் அனுப்ப வேண்டாம்." அதை இரண்டு முறை படித்தார்.

ரோஸ்லினுக்கு அந்த வேலை பிடித்துப்போயிருந்தது. "அடுத்ததைப் போடட்டுமா?" என்று உற்சாகமாகக் கேட்டாள்.

"போடு" என்றார் செல்வின்.