பலகைக்குப் பின்னால் இருந்த பொம்மை

இருபதாவது மாடியில் மேலாளர் தமயந்தியின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த பலகையைப் புதுப்பிப்பு வேலைக்காகக் கழற்றினார்கள். பலகைக்கும் வெளிக்கண்ணாடிக்கும் நடுவே ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. கட்டடம் எழும்பியபோது மாடிக்கு மாடி மேலே ஏற்றிக் கட்டிய பொம்மை அது. வேலை முடிந்ததும் அவிழ்த்திருக்க வேண்டும். திறப்பு விழா அவசரத்தில் மறந்து, முன்னால் கண்ணாடியும் பின்னால் பலகையுமாக அடைத்துவிட்டார்கள். வைக்கோல் பிதுங்கிய சட்டை, பானைத் தலை, முறுக்கு மீசை. உருட்டி விழிக்கும் அந்தக் கண்கள் இத்தனை வருடமும் அவள் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கின்றன.

“எந்த மடையன் இத உள்பக்கம் பாக்க வச்சுக் கட்டினான்?” என்றாள் தமயந்தி.

“நான்தாம்மா கட்டுனேன்,” என்றார் மேஸ்திரி சூசை. “தெருவப் பாத்துதான் கட்டுனேன்.”

“அப்புறம் எப்படித் திரும்புச்சு?”

சூசை அவள் முகத்தைப் பார்க்காமல் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றினார். “கண்ணு எந்தப் பக்கமிருந்து வருதோ, அந்தப் பக்கந்தாம்மா அது பாக்கும்.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். தமயந்தி எழுந்து, எதுவும் நடக்காததுபோல, அறையின் மறுகோடிக்குப் போய் நின்றாள்.

ஊழியர்கள் எல்லோரும் பொம்மையைப் பார்த்தார்கள். பிறகு, ஒவ்வொருவராக, அவளைப் பார்த்தார்கள்.