வழக்கமான டேபிள்

"இங்கயா?" என்றாள் அவள். வண்டி அந்தப் பண்ணை விடுதியின் கேட்டுக்குள் திரும்பியதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"பின்ன? கல்யாண நாளுக்கு சர்ப்ரைஸ்னா சும்மாவா? சுத்தி பழத்தோட்டம், பக்கத்துலயே பேர் போன ரெஸ்டாரண்ட். எங்க ஆபீஸ்ல ஒருத்தன் இதைப் பத்தி வாய் ஓயாம சொல்லிக்கிட்டே இருந்தான்."

"வேற எங்கயாவது போயிடலாமேங்க..."

"புக் பண்ணிட்டேன். பண்ணினா பண்ணினதுதான்."

அத்தோடு பேச்சு முடிந்தது. அவன் வீட்டில் பேச்சு அப்படித்தான் முடியும்.

வரவேற்பில் இருந்த அம்மாள் அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக எழுந்தாள். "வாங்க வாங்க! அதே மாடி ரூம்தானே? இந்தத் தடவை அவர் இன்னும் வந்து சேரலையே..."

பெட்டியோடு பின்னால் வந்தவனைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"நாங்க முதல் தடவையா வர்றோம்," என்றாள் அவள் அவசரமாக.

"ஓ... வேற யாரோன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவனும் சிரித்து வைத்தான். ஒரே ஜாடையில் உலகத்தில் வேறு ஆளே இருக்கக் கூடாதா என்ன?

அதே மாடி ரூம்தான் கிடைத்தது. ரூம் பிரமாதம். மெத்தென்ற கட்டில், தலையணைக்கு மேல் தலையணை, ஜன்னலைத் திறந்தால் பச்சைப்பசேல். வெந்நீர் சுவிட்சைத்தான் காணோம். அவன் சுவரெல்லாம் தடவிக்கொண்டிருக்க, அவள் நேராகப் போய் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தட்டினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் சுவரிலிருந்து கையை எடுத்தான்.

"அது அங்க இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா... எல்லா இடத்துலயும் அப்படித்தானே வச்சிருப்பாங்க."

எந்த ஊரில் ஐயா அலமாரிக்குப் பின்னால் சுவிட்ச் வைக்கிறார்கள்? கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கேட்டால் பதில் வந்து தொலைக்குமே! குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, குளிக்காமல் நின்றான்.

மாசா மாசம் டிரெயினிங் என்று காலையில் கிளம்பிப் பொழுது சாய்ந்து வருவாளே... ஐயோ, அதெல்லாம் இதுதானா? இவள் போய்விட்டால்? இருட்டிக் கிடக்கிற வீட்டைத் திறந்துகொண்டு ஒண்டியாக உள்ளே போவதை நினைத்துப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் இப்படி அவன் பயந்ததே இல்லை.

சாயங்காலம், "தலை வலிக்குதுங்க, சாப்பாடு இங்கயே சொல்லிக்கலாம்," என்றாள். அவன் விடவில்லை. ரெஸ்டாரண்ட் நடக்கிற தூரம்தான்.

உள்ளே கால் வைப்பதற்குள் நரைத்த மீசை சர்வர் ஓடி வந்தார். "வாங்கம்மா! வழக்கமான டேபிள் காலியாத்தான் இருக்கு. சூப்புல உங்களுக்கு மிளகு தூக்கலா, அவருக்குக் கம்மியா..."

அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். சர்வர் டக்கென்று வாயை மூடிக்கொண்டு, துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தார்.

இனிமேல் என்ன சந்தேகம் வேண்டிக்கிடக்கிறது? ஊருக்கே தெரிந்திருக்கிறது, கட்டினவனுக்கு மட்டும் தெரியவில்லை.

"கை கழுவிட்டு வர்றேன்," என்று அவள் எழுந்தாள். அவசரத்தில் தண்ணீர் டம்ளர் சாய்ந்தது. "தெரியாம பட்டுடுச்சுங்க, தெரியாம பட்டுடுச்சுங்க," என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் சர்வரைக் கூப்பிட்டான். புருஷன் என்று சொன்னால் மனிதர் வாயைத் திறக்கமாட்டார்.

"நானும் அந்த மேடமும் ஒரே ஆபீஸ். வேலையா வந்தோம்." குரல் அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

"அப்பாடி! அவங்க பார்த்த பார்வையில நான் என்னமோன்னு பயந்துட்டேன் சார்."

"அவங்க கூட வழக்கமா ஒருத்தர் வருவாராமே..."

"மாசம் ஒரு நாள் சார். ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே இருக்கலாம். இவங்க மீன்ல முள்ளெடுத்து அவர் தட்டுல வைப்பாங்க. அவர் இவங்க கையைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பார். பிரியறப்போ ரெண்டு பேருக்கும் கண் கலங்கிடும்."

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"யாரு... யாரு அந்த ஆளு?"

"அவங்க அப்பா சார்!"

அவன் சாய்ந்து கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"பாவம், கண் சரியாத் தெரியாது. அவ்வளவு தூரத்துலேர்ந்து பஸ் மாறி மாறி வர்றார். களைப்பாறட்டும்னு விடுதியில ஒரு ரூம் போட்டுக் குடுப்பாங்க."

சர்வர் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"பெத்த அப்பனை வீட்டுல வச்சுப் பார்க்க வழியில்லை சார். வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அவங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாராம். போன்ல பேசினாலே வீடு ரெண்டாயிடுமாம். அந்த ஆளை எங்கயாவது பார்த்தீங்கன்னா, இங்க வந்த விஷயத்தை மூச்சு விட்டுடாதீங்க."

அதற்குள் அவள் திரும்பி வந்தாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். பக்கத்து நாற்காலியைப் பிடித்த கை வெடவெடவென்று ஆடியது.

சர்வருக்குப் புரியவில்லை.

"உள்ள நுழைஞ்சா சிரிச்சுக்கிட்டே இருக்கிற பொண்ணு சார். இன்னிக்கு யாரைப் பார்த்து இப்படி நடுங்குறாங்க?"