டீசல் செலவில்லாத சுற்றுலா

நாட்டின் மறுகோடியில் இருக்கும் கடலுக்குக் குடும்பத்தோடு நான்கு நாள் பயணம். டிரைவர் தன் மனைவி, மகள் முன்னால் வரைபடத்தை விரித்தார்.

"ரூம் வேண்டாம், வண்டியிலேயே தூங்கிக்கலாம். குளியல் பெட்ரோல் பங்க்ல."

"பங்க் பாத்ரூமா? கருமம்!" மனைவி முகத்தைச் சுளித்தாள். "டீசலுக்கு?"

"எங்க முதலாளி போட்டுடுவார். வழியெல்லாம் ஏசி."

மகள் குதித்தாள். "அப்பா, பின்னாடி நான் நீட்டிப் படுத்துக்குவேன்!"

"வரும்போது படுத்துக்கோ கண்ணு. போகும்போது அங்க ஒருத்தர் படுத்திருப்பார்."

"யாருங்க அது? உங்க அண்ணனா?" மனைவியின் குரலில் எரிச்சல்.

"யாருன்னு தெரியாது. காலையில ஆஸ்பத்திரிப் பிணவறையில ஏத்துவாங்க. அவர் சொந்த ஊர்ல இறக்கிட்டா நம்ம வேலை முடிஞ்சுது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள்.

"நாத்தமெல்லாம் வராதும்மா," என்றபடி பின்னாலேயே போனார் டிரைவர். "ஐஸ் பெட்டி!"