பில்லில் போட்ட பெயர்

"கம்பெனி மருந்து வேணுமா பாய், ஜெனரிக் போதுமா?"

குர்லா ஸ்டேஷனை ஒட்டிய மருந்துக் கடையில், சந்திரமௌலி இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் கரீம் பாட்சாவுக்குக் காது மடல் வரை சூடேறிவிட்டது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையை எந்தக் குரலில் கேட்டால்தான் என்ன?

தாராவியில் தடுக்கி விழுந்தால் மருந்துக் கடை. அத்தனையையும் தாண்டி, தெரிந்த முகம் இருக்காது என்று ரயிலேறி இங்கே வந்திருந்தார். கையில் டாக்டர் சீட்டு. மடிப்புகளில் நைந்து, இன்னும் ஒருமுறை பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. மேல் பாதியை விரலால் மூடிக்கொண்டு, மருந்து எழுதியிருந்த வரியை மட்டும் காட்டினார்.

வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்று மாதங்கள் ஆகியிருந்தன. சண்டை என்றாலாவது சமாதானம் செய்யலாம். இது சத்தமே இல்லாத விலகல். இப்படியே போனால் பெட்டி கட்டுவதுதான் பாக்கி. நேற்று அடுப்படியில் மனைவி சைனப் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தபிறகுதான், வெட்கமாவது ஒன்றாவது என்று கிளம்பிவிட்டார்.

"கம்பெனி சாமானே குடுங்க. இது தப்பிப் போயிரக் கூடாது" என்றார்.

இரண்டும் ஒரே மருந்துதான், அளவும் ஒன்றுதான், டப்பாதான் வேறு என்று சந்திரமௌலி பொறுமையாகச் சொன்னார். கரீம் பாட்சா தலையாட்டினாரே தவிர நம்பவில்லை. இத்தனைக்கும் அவருடையது தோல் பை செய்யும் பட்டறை. பாதிப் பைகளில் பெரிய கடையின் லேபிள் தைத்து அனுப்புவார். மீதியை லேபிள் இல்லாமல் தாராவி ரோட்டிலேயே விற்பார். 'அதே தோல், அதே கை, லேபிள் மட்டும்தான் இல்ல' என்று வாடிக்கையாளர்களிடம் தினமும் சத்தியம் செய்யாத குறை. தனக்கென்று வரும்போது மனிதன் லேபிளைத்தான் தேடுகிறான்.

கம்பெனி டப்பாவை அவர் கையில் எடுத்த நேரம் பார்த்து, முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

"என்ன கரீம் பாய், குர்லாவுல என்ன சோலி?"

முகைதீன். தாராவியில் கரீம் பாட்சாவின் பட்டறை இருக்கும் அதே சந்தில் பைகளுக்கு ஜிப்பும் பக்கிளும் விற்கிறவர். இருமல் மருந்து வாங்க வந்தவரின் கண், நேராக டப்பாவில் போய் நின்றது. பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த பெயர் அது. முகைதீனுடைய வாய் மெல்ல விரிந்தது.

"யாருக்கு பாய் இது?"

ஒரு சிநேகிதருக்கு என்று சொல்லியிருக்கலாம். கல்யாணில் இருக்கும் அண்ணனுக்கு என்று சொல்லியிருக்கலாம். கரீம் பாட்சா டப்பாவை மறைக்கவில்லை.

"எனக்குத்தான்" என்றார்.

முகைதீன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, இருமல் மருந்தைக்கூட மறந்துவிட்டு வெளியேறினார். அவர் காதில் ஒன்று விழுந்தால் போதும். சாயங்கால அஸர் தொழுகைக்குள் சந்து முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும்.

கரீம் பாட்சா டப்பாவைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சந்திரமௌலி பக்கம் நகர்த்தினார்.

"இது வேண்டாம். பார்த்தவுடனே எல்லாருக்கும் தெரிஞ்சு போவுது. ஆளுக்குத் தெரியாத பேரா அந்த ஜெனரிக்கையே குடுங்க. மருந்து ஒண்ணுதான்னு சொல்லுதீங்கல்லா?"

"சத்தியமா ஒண்ணுதான் பாய். நெஞ்சு வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறதுண்டோ? அப்படின்னா இதைத் தொடவே கூடாது."

"கிடையாது" என்றார் உடனே. டாக்டர் அதையெல்லாம் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார் என்றும் சொன்னார்.

பில்லுக்குப் பெயர் கேட்டபோது, 'கரீம் பாட்சா, தாராவி' என்று கணீரென்று சொன்னார். சந்திரமௌலி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இந்த மருந்துக்கு வர்றவா எல்லாம் பொய்ப் பேர்தான் சொல்லுவா பாய். தைரியமா சொந்தப் பேர் சொன்னது நீங்கதான்."

கரீம் பாட்சா சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்தார்.

சந்துக்குள் நுழையும்போதே செய்தி அவரை முந்திவிட்டிருந்தது. டீக்கடையில் பேச்சு சட்டென்று நின்றது. யாரோ செருமினார்கள். 'பாய்க்கு ஒரு ஸ்பெஷல் சாய்' என்று ஒருவன் குரல் கொடுக்க, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்துவிட்டு நடந்தார். உள்ளே சுருக்கென்று தைத்தது நிஜம். ஆனால் நடையில் ஒரு லேசும் இருந்தது.

பட்டறையில் மருமகன் ராஹில் தனியாகத் தோல் வெட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகள் அஸ்ரினோடு மாடி அறையில் குடியிருக்கிறான். அவனுக்கும் செய்தி வந்திருக்க வேண்டும். மாமனார் முகத்தைப் பார்க்கக் கூசித் தலையைக் குனிந்துகொண்டான்.

கரீம் பாட்சா கதவை ஒருக்களித்துச் சாத்தினார். மேஜையிலிருந்த புதுப் பை ஒன்றை எடுத்து, நைந்த சீட்டையும் மாத்திரைப் பொட்டலத்தையும் அதற்குள் வைத்து அவனிடம் நீட்டினார்.

"துவைக்கப் போட்ட உங்க சட்டையில இந்தச் சீட்டு இருந்துச்சு மாப்ள. கடையில எம்பேரத்தான் சொல்லி வாங்கியிருக்கேன். சிரிக்கிறவன் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுக் கெடக்கட்டும், நீங்க தலை நிமிந்து மேல போங்க."