அச்சு அசல் சென்றாயன்

"மூக்கு கோணையா இருக்குதே" என்றான் பக்கத்துக் காட்டு மாதன்.

சென்றாயன் வைக்கோல் பொம்மையின் தலையைப் பிய்த்து எறிந்தான். அது நாலாவது தலை.

மலைமேல் பெரக்கரை நாட்டில் சென்றாயனை யாரும் குறை சொல்லிவிட முடியாது. சொன்னால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்காது. கொடியில் காயும் வேட்டியின் ரெண்டு முனையும் சமமாகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்க்கிற ஆள். காவலுக்கு வந்தால் கேட்கவே வேண்டாம். தினை முற்றும் காலத்தில் அவன் மூங்கில் பரணில் ஏறி உட்கார்ந்தால் ஒரு கிளி ஒரு கதிரைத் தொட்டதில்லை. ஊரே அப்படித்தான் சொன்னது. அவனும் அதையேதான் சொன்னான்.

அந்த வருசம் அவன் பெண்சாதி அத்தாயி, தங்கச்சி பிரசவத்துக்காக ஆலத்தூர் நாட்டுக்குப் புறப்பட்டாள்.

"நான் இல்லாம தினைக்காட்டைப் பாத்துக்குவீங்களா?"

"நீ இருந்து மட்டும் என்ன பண்றே? கஞ்சி கொண்டாந்து வெக்கறே, அவ்வளவுதானே."

"அதுவும் சரிதானுங்க" என்று அவள் போய்விட்டாள்.

அப்புறம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு சென்றாயனுக்கே கிளி நடுங்குகிறது. காட்டின் அந்தக் கோடியில் இன்னொரு பரண் போட்டு, இன்னொரு சென்றாயனையும் உட்கார வைத்தால்?

ஐந்தாவது தலைக்கு மூக்கு நேராக வந்தது. கருப்பாட்டு முடியில் மீசை. அவனுடைய தலைப்பாகை. அவனுடைய வேட்டி.

மாதன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "எல்லாஞ் சரி. தலைதான் நேரா நிக்குது. நீ பரண்ல உக்காந்தா ஒருபக்கமா சாஞ்சிருக்குமே."

"அது நான் யோசிக்கறப்பப்பா" என்று சென்றாயன் தலையையும் சாய்த்து வைத்தான்.

இப்போது ஒரு குறையும் இல்லை. அவன் நாயே பொம்மையைப் பார்த்து வாலை ஆட்டியது. மாதனே மறுநாள் மறந்துபோய் அதனிடம் வெற்றிலை கேட்டு, பதில் வராததால் கோபித்துக்கொண்டு போனான். வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை தொப்பியைத் தூக்கி 'குட்மார்னிங்' சொன்னார். அது வாயைத் திறக்காததைப் பார்த்து, "மரியாதை தெரிந்த மனுசன்" என்று மெச்சிக்கொண்டார்.

சென்றாயன் நிம்மதியாகத் தன் பரணில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி யோசித்தான்.

யாரோ மீசையைப் பிடித்து இழுத்தார்கள். விழித்தால், தலைமேல் ஒரு கிளி. அந்தக் கோடியில் பொம்மையின் தோளில் நாலைந்து. காடு முழுக்கப் பச்சையாகக் கிளி. மழைக்காலக் கஞ்சிக்கு நம்பியிருந்த தினையில் கால்வாசி காணோம். அவன் கத்தினான், கையைத் தட்டினான், பரணே ஆடும்படி குதித்தான். தலையில் இருந்த கிளி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து அத்தாயி மூட்டையோடு காட்டோரம் வந்து நின்றாள். கல்லெடுக்கக் குனிந்தாள், அவ்வளவுதான். அத்தனை கிளியும் கீச்சென்று எழும்பி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

சென்றாயன் பரணை விட்டு இறங்கினான். "பொம்மையில என்ன குறைன்னே தெரியலையே அத்தாயி."

அவள் பொம்மையைப் பார்த்தாள். சாய்ந்த தலையையும் பார்த்தாள்.

"ஒரு குறையும் இல்லீங்க. அச்சு அசல் நீங்கதான்."

"அப்புறம் கிளி ஏன் பயப்படல?"

"அதனாலதானுங்க."

இடுப்பிலிருந்து கவணை எடுத்தாள். கல்லெறிந்து எறிந்து அதன் கயிறு கறுத்து வழுவழுத்துப் போயிருந்தது.

சென்றாயன் அந்தக் கயிற்றைத் தடவிப் பார்த்தான். "இத்தன வருசமாவா? என்னை எழுப்பியிருக்கலாமில்ல?"

"நல்லாத் தூங்குவீங்க. மனசு வராதுங்க. பாறைக்குப் பின்னால நின்னு எறிஞ்சுட்டுப் போயிருவேன்."

மறுநாள் அந்த வழியாக வந்த மாதன் திகைத்து நின்றுவிட்டான். பொம்மை அத்தாயியின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, கையில் கவணோடு நிமிர்ந்து நின்றது. காட்டில் ஒரு கிளி இல்லை.

"எல்லாஞ் சரி சென்றாயா. பொம்பளைக்கு மீசை இருக்குதே?"

"இருக்கட்டுமப்பா" என்றான் சென்றாயன். "அந்த ஒரு குறை மட்டும் நானு."