எலுமிச்சைக்கு வைத்தியம்

“எறும்பை விட்டுட்டுப் பூச்சியை மட்டும் கொன்னா, ஓட்டை வாளியில தண்ணி பிடிச்ச கதைதான் அத்தை.”

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மருமகள் எலுமிச்சை மரத்தடியில் நின்றாள். தளிரெல்லாம் சுருண்டு கிடந்தது. இலைக்கு அடியில் கடுகைக் கொட்டினாற்போல அசுவினிப் பூச்சி. அடிமரத்தில் எறும்புகள் சந்தைக்கூட்டம்போல ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன.

“எறும்பு என்னம்மா பண்ணுச்சு? அது பாட்டுக்குப் போகுது வருது” என்றாள் மாமியார்.

“அது பாட்டுக்கா? பூச்சி இலையை உறிஞ்சி இனிப்பா ஒழுக விடுது. எறும்பு அதைக் குடிச்சிட்டு, வேற வண்டு வந்து பூச்சியைத் தின்னுடாம காவல் காக்குது. உங்க மரத்துல மாட்டுப் பண்ணையே நடக்குது. வாடகைகூடக் கிடையாது!”

மாமியார் சிரிக்கவில்லை. வாடிய கிளையை மெல்லத் தடவினாள்.

“என் பிள்ளை அங்க வந்து இரு, அங்க வந்து இருன்னு நச்சரிக்கிறான். இந்த மரத்தை இப்படியே விட்டுட்டு நான் எங்க வர்றதுன்னு சொல்லிட்டேன்.”

அந்த நிமிடத்தில்தான் மருமகளுக்கு மரத்தின் மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. மரம் நின்றால் மாமியார் இங்கே. மரம் பட்டுப்போனால் மாமியார் மருமகளின் இரண்டே அறை வீட்டில். மாமியார் பொல்லாதவள் இல்லை, தங்கமானவள்தான். ஆனால் தங்கம் என்பதற்காகத் தலையணைக்குப் பதிலாக வைத்துப் படுக்க முடியுமா? போன தடவை வந்திருந்தபோது அடுக்களை டப்பாக்களை அத்தனையும் இடம் மாற்றிவிட்டாள். சொந்த வீட்டில் உப்பு எங்கே என்று கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

அன்றைக்கே வைத்தியம் தொடங்கியது. மருமகள் சோப்புத் தண்ணீரில் வேப்பெண்ணெய் கலந்து, ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பி அடித்தாள். அடிமரத்தில் துணியைச் சுற்றி, அதன்மேல் கிரீஸைத் தடவினாள். இனி எறும்பு ஏறினால் கால் ஒட்டிக்கொள்ளும்.

வாராவாரம் லீவு நாளில் தெளிப்பானும் கையுமாகக் கிளம்பும் மனைவியைப் பார்த்துக் கணவன் நெகிழ்ந்துபோனான்.

“எங்கம்மா மேல உனக்கு இவ்வளவு பாசமா!”

“சேச்சே, மரத்து மேலதாங்க.”

உண்மையைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்? அவன் அதைத் தன்னடக்கக் கணக்கில் வரவு வைத்துக்கொண்டான்.

ஆனால் எறும்பு மட்டும் அசையவில்லை. கீழே கிரீஸ் பளபளக்க, மேலே பண்ணை ஜோராக நடந்தது.

“விட்டுத் தள்ளும்மா. பிழைக்கிறதுன்னா பிழைக்கட்டும்” என்றாள் மாமியார், ஈரத் துணியைக் கொடியில் உதறிப் போட்டபடி.

மருமகளின் கண் கொடிக்கயிற்றின் மேல் போனது. ஒரு முனை சுவரின் ஆணியில். மறுமுனை எலுமிச்சைக் கிளையில். நடுவில், துணிகளுக்கு மேலே, எறும்பு வரிசை மேம்பாலத்தில் போவதுபோல நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தது.

“வாசலைப் பூட்டிட்டுக் கொல்லையைத் திறந்து வெச்சிருக்கோமே அத்தை!”

கயிற்றைக் கிளையிலிருந்து அவிழ்த்து, தள்ளி நின்ற இரும்புக் கம்பத்தில் கட்டினாள். சுவரில் உரசிய ஒரு கொப்பையும் வெட்டிவிட்டாள்.

அதற்குப் பிறகு மரம் கிடுகிடுவென்று தேறியது. காவல் போனதும் பொறிவண்டுகள் வந்து மிச்சமிருந்த பூச்சியைப் பந்தி போட்டுத் தின்றன. சுருண்ட இலை உதிர்ந்து, புதுத் தளிர் வந்தது. ஒரு நாள் மருமகள் உள்ளே நுழையும்போதே பூவின் வாசனை எதிர்கொண்டது. ‘இனி நூறு வருஷம் நிற்கும்’ என்று நினைத்தபோது அவளுக்குத் தோளிலிருந்து மூட்டையை இறக்கினாற்போல இருந்தது.

மாமியார் காபியைக் கொண்டுவந்து கொடுத்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

“சாகக் கிடந்ததைப் பிழைக்க வெச்சுட்டே. நோயில கிடக்கிறதை அப்படியே போட்டுட்டு வர எனக்கு மனசே வரலை. இனிமே என்ன கவலை? தண்ணியைப் பக்கத்து வீட்டம்மா ஊத்திக்கிறேன்னுட்டாங்க. அடுத்த வாரம் வண்டி எடுத்துட்டு வரச் சொல்லு உன் வீட்டுக்காரனை. பெட்டியெல்லாம் கட்டிட்டேன். இனி உன்கூடத்தான்!”

மருமகள் மிச்சக் காபியை ஒரே மடக்கில் குடித்தாள்.

“ரொம்ப சந்தோஷம் அத்தை. இதோ வந்துட்டேன்” என்று டம்ளரை வைத்துவிட்டு எழுந்த மருமகள், நேராகத் தோட்டத்துக்குப் போய், கம்பத்தில் இருந்த கொடிக்கயிற்றை அவிழ்த்து எலுமிச்சைக் கிளையில் இறுக்கிக் கட்டினாள்.