தூசி படாத வீடு

"அங்கேயே நில்லு மச்சான்! கேட்டத் தொடாத!"

கையில் தண்ணீர்க் குழாயுடன் வாசலில் நின்று கத்தினார் மணியம். மோட்டார் சைக்கிளை நிறுத்திய விஜயன் அப்படியே நின்றான்.

"அத்தான், நான் வீட்டுக்குள்ள போகவே இல்ல. ரோட்டுல நின்னு பாத்துட்டுதான் வந்தேன்."

"காத்து எந்தப் பக்கம் அடிச்சுச்சு?"

"அத யாரு பாத்தா?"

"அப்ப குளி!"

தண்ணீர் சீறி வந்தது. கைப்பேசியை மட்டும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு விஜயன் நனைந்தான். எதிர்வீட்டு மலாய்க்காரர் அவனுக்குக் கையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். அவருக்கு இந்தக் காட்சி பழகிவிட்டது.

போன வாரம் மாசாய் ஊரில் விஜயன் வீட்டுச் சமையல் குசினி எரிந்துபோனது. பழைய குளிர்பெட்டியின் வயரில் பிடித்த தீ. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அறைகளும் தப்பிவிட்டன. ஆனால் தீயை அணைத்தவர்கள் கிளம்பும்போது, உடைந்து தொங்கிய சீலிங் பலகையைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். பழைய வீடு, அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; எரிந்து நொறுங்கினால் அந்தத் தூசி மூச்சோடு போய் நுரையீரலில் தங்கிவிடும்; சோதித்துப் பார்க்கும்வரை கூட்டவும் வேண்டாம், உள்ளே போகவும் வேண்டாம்.

அன்றே விஜயனும் மனைவி யோகேஸ்வரியும் இரண்டு தெரு தள்ளியிருந்த அக்கா புஷ்பவள்ளி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்காவின் கணவர் மணியம் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பெரிய அறையையே அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். காலையில் தானே போய் நாசி லெமாக் சோறு வாங்கி வந்தார். தங்கமான மனிதர்.

மறுநாள் அவர் கைப்பேசியில் ஆஸ்பெஸ்டாஸ் பற்றிப் படிக்கத் தொடங்கினார். அதோடு எல்லாருடைய நிம்மதியும் போயிற்று. எரிந்த வீட்டிலிருந்து ஒரு கரண்டிகூட வரக் கூடாது. போட்டு வந்த துணிகளை மூட்டை கட்டி வெளியே வைத்தார். யோகேஸ்வரி ஒரு முறை தும்மியதற்கு வீட்டிலிருந்த அத்தனை பேரையும் வாசலுக்கு ஓட்டினார்.

"இப்பல்லாம் தும்மல் வந்தா மூக்கப் பிடிச்சுக்கறேன் அண்ணி," என்றாள் யோகேஸ்வரி, வெங்காயம் உரித்தபடி.

"அவரு அப்படித்தான்டி. கல்யாணத்தன்னிக்கே மாலையில எறும்பு இருக்கான்னு தட்டிப் பாத்துட்டுத்தான் எனக்குப் போட்டாரு."

யோகேஸ்வரி சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "ரிசல்ட்டு மோசமா வந்தா எங்க அண்ணி போவோம்? இப்பதான் வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சோம்."

புஷ்பவள்ளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

ஷர்மைன் இறங்கினாள். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்து சோதனைக்குத் துண்டுகள் எடுத்துப்போன பெண். அன்று வெள்ளை உடுப்பும் மாஸ்க்குமாக எரிந்த வீட்டுக்குள் போய், தண்ணீர் தெளித்து நனைத்து, ஒவ்வொரு துண்டாகப் பெயர்த்துப் பாக்கெட்டில் போட்டு ஒட்டியவள்.

"ரிசல்ட் வந்துருச்சு சார்."

"நீங்க குளிச்சிட்டீங்களா?" என்று குறுக்கே நின்றார் மணியம்.

"காலையிலயே குளிச்சிட்டேனே. ஏன் சார்?"

"அவர விடும்மா," விஜயன் ஈரச் சட்டையோடு முன்னால் வந்தான். "எங்க வீடு என்னாச்சு?"

"குசினி சீலிங்கு, இல்ல. சுவத்துப் பலக, இல்ல. தரையில கெடந்த தூசி, அதுலயும் இல்ல. மாஸ்க் போட்டு, தண்ணி தெளிச்சு சாம்பல அள்ளுங்க. அப்புறம் தாராளமா வீட்டுக்குப் போலாம்."

யோகேஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விஜயன் அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். மணியம் மட்டும் அசையவில்லை.

"எப்படி இல்லாமப் போகும்? நல்லாப் பாத்தீங்களா? பழைய வீடு லா அது!"

"ஒண்ணுல இருக்கு சார். நாலாவது பாக்கெட்டுல."

"பாத்தியா மச்சான்!" மணியம் கையைத் தட்டினார். "நான் சொன்னேனா இல்லயா? என்னமோ என்னப் பைத்தியம் மாதிரி பாத்தீங்களே எல்லாரும்! எந்த எடத்துல எடுத்ததும்மா அது? அந்தப் பக்கமே இனிமே யாரும் தல காட்டக் கூடாது!"

ஷர்மைன் புஷ்பவள்ளியைப் பார்த்தாள். புஷ்பவள்ளி முந்தானையை விரலில் சுற்றினாள்.

"அது தம்பி வீட்டுல எடுத்தது இல்லங்க. நான் குடுத்தது."

"நீயா?"

"நம்ம வீடு சுத்தம்னு அவங்க வாயாலயே சொல்லிட்டா, நீங்க கொஞ்சம் அடங்குவீங்கன்னு நெனச்சேன். பாசி பிடிக்குதுன்னு ஞாயித்துக்கெழமயானா கம்பி பிரஷ் போட்டுத் தேய்ப்பீங்களே, நம்ம பின்பக்கத்துக் கூர ஷீட்டு... அதுல ஒடஞ்சு விழுந்த துண்டு."

"அலமாக்!" என்றார் மணியம். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க சார்," என்றாள் ஷர்மைன். "ஷீட்டு சும்மா கெடந்தா பெரிய ஆபத்து இல்ல. தேய்க்கறதுதான் தப்பு. முறையாக் கழட்டத் தெரிஞ்சவங்க வர்ற வரைக்கும் யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க."

மணியம் தன் வீட்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விஜயனின் அருகில் போய், அவன் ஈரத் தோளில் மெல்லக் கை வைத்தார்.

"மச்சான்... ஒங்க வீட்டுல எங்களுக்கு ஒரு ரூம் கெடைக்குமா?"